இரண்டாம் பக்கத்துப் பிள்ளையார்

1

கோயமுத்தூரில் இந்நேரம் மழை உண்டா, வெயில் எப்படி என்று நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் அப்படித் தொடங்குகிற நிலையில் நான் இல்லை. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்மணி என்னை எதிரில் உட்காரவைத்து, "உங்கள் தாள்களில் முதல் பக்கமெல்லாம் எங்கே?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்தில், பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் சம்பத். தயாரான பம்பைத் தொட்டியில் பொருத்தி ஓடவிட்டு, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்து எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்துப் போடும் உரிமை எங்கள் கூடத்தில் சிலருக்குத்தான் உண்டு. எனக்கு அது கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. அது போய்விட்டால் நான் அளந்த அளவை இன்னொருவரிடம் நீட்டி, கொஞ்சம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று நிற்க வேண்டியதுதான்.

எங்கள் கூடத்தில் அளவுகளை இன்னமும் கையால்தான் தாளில் குறிக்கிறோம். இந்த வருஷம் பழைய தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கையெழுத்தைப் படிக்கிற மென்பொருள் ஒன்று அவற்றை வரிசைப்படுத்தியது. மற்றவர்களின் தாள்கள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொண்டன. என்னுடையவை எல்லாம், ஒன்று விடாமல், இரண்டாம் பக்கம் என்று பதிவாகிவிட்டன. இந்த ஆள் இத்தனை காலமாக வெறும் இரண்டாம் பக்கமாகவே எழுதித் தள்ளியிருக்கிறார், முதல் பக்கங்களைக் காணவில்லை என்று அது சிவப்பில் காட்டியது. தணிக்கைக்கு வெளியிலிருந்து வந்த திருமதி லோரென்ஸ் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே, நடுவில், என் கையால் எழுதியது. அது இரண்டு அல்ல. உ. பிள்ளையார் சுழி. உங்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது.

2

நான் பேனாப் பைத்தியம். வசந்தி, என் மனைவி, பல்லடத்துக்காரி. "ஏனுங்க, ஒரு மனுசனுக்கு எத்தன கைங்க இருக்குது?" என்று என் மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கேட்பாள். எழுதுகிற பேனாவும் எழுதாத பேனாவுமாக அதில் கை விட முடியாது. ஒன்றையும் தூக்கிப் போட மனசு வராது.

இந்தப் பைத்தியம் பிடித்தது கோவையை ஒட்டிய கணபதி என்ற பகுதியில். கோவையில் டிப்ளமோ முடித்ததும் அங்கே ஒரு பம்பு கம்பெனியில், டெஸ்ட் பெட்டில் சேர்ந்தேன். டெஸ்ட் பெட் என்றால் ஒரு பக்கம் தண்ணீர் தெறிக்கும், ஒரு பக்கம் கிரீஸ், நடுவில் நீங்கள் அட்டையும் தாளும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜெல் பேனா பார்க்க அழகாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் காலையில் எடுத்த அளவெல்லாம் நீலக் குளமாகிவிடும். பால் பேனா தண்ணீருக்கு அசையாது, ஆனால் கிரீஸ் விரல் பட்ட இடத்தில் எழுதாமல் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தினால் தாள் கிழியும். பென்சில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பயப்படாது. ஆனால் பென்சிலில் எழுதியதை யாரும் அழிக்கலாம், அதனால் எழுதியவன்மேல் யாரும் சந்தேகப்படலாம்.

எனக்கும் அந்தோணிக்கும் தினமும் இதில்தான் சண்டை. அந்தோணி வால்பாறையில் ஓர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். ஊருக்கு பஸ் ஏற வசதி என்று உக்கடத்தில் குடியிருந்தார். மலைத் தமிழை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினாரோ என்னமோ, பேச்சு முழுக்க எங்கள் பேச்சுதான். அவர் லெட் மாற்றிப் போடும் மைக்ரோடிப் பென்சில் கட்சி. காதுமேல் ஒன்று, பையில் ஒன்று, லெட் டப்பா தனியாக. நான் பால் பேனாக் கட்சி.

"பென்சில்ல எழுதுனா மனசு மாறலாமுங்க சம்பத்து. பேனாவுல எழுதிப்போட்டா, தப்பா இருந்தாலும் அதையே புடிச்சுத் தொங்கோணும்."

"தப்பா எழுதுனா ஒரு கோடு போட்டுட்டு பக்கத்துல சரியா எழுதுங்க. அதுக்குத்தானே ரூல் இருக்குது."

ரூல் என்றால் இதுதான். அளவுத் தாளில் தவறாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரின் முதலெழுத்தும் தேதியும் போட வேண்டும். தவறு செய்யலாம், தவறு செய்ததை ஒளிக்கக் கூடாது, அவ்வளவுதான். கோவையிலும் இதே ரூல், ஜெர்மனியிலும் இதே ரூல். நான் இங்கே வந்து புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லாமல் போன ஒரே விஷயம் இது.

நான் தாளின் மேலே உ போட்டுத்தான் தொடங்குவேன். அந்தோணி அதே இடத்தில் குட்டியாக ஒரு சிலுவை போடுவார். எங்கள் கையெழுத்து ஒன்றுபோல இருந்ததால் ஷிப்ட் மேற்பார்வையாளர் தாளைத் தூக்கிப் பிடித்து மேலேதான் பார்ப்பார். "இது உ பேப்பரு. சிலுவ பேப்பர் எங்கீங்க?" என்று கேட்பார். அங்கே யாரும் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. அது எங்கள் அடையாள எண் மாதிரி.

3

இங்கே வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதியப் போனேன். விண்ணப்பத்தை நிரப்பப் பையிலிருந்து மைக்ரோடிப்பை எடுத்தேன். கிளம்பும்போது அந்தோணி கொடுத்தனுப்பியது. எதிரில் இருந்த அம்மாள் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனாவைக் கொடுத்தார். "இங்கே பென்சில் செல்லாது" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேனாவைக் கட்டி வைத்திருக்கிற ஊர் நம்ம ஊர் மாதிரிதான் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

தைரியம் சோதனைக்கூடத்தில் போயிற்று. அவர்கள் கையால் எழுதும் ஒன்று, கொக்கியை நீளமாக மேலே இழுப்பதால், நமக்கு அசல் ஏழு மாதிரி இருக்கும். அவர்களுடைய ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. முதல் வாரமே ஒருவர் ஒன்று என்று எழுதியதை ஏழு என்று படித்து, ஒன்றும் இல்லாத பம்பில் அரை நாள் கோளாறு தேடினேன். அதைவிடப் பெரிய கூத்து கமா. நம் வழக்கப்படி பம்பின் வேகத்தை 1,450 சுற்று என்று எழுதினேன். இங்கே கமா என்றால் தசமப் புள்ளி. நிமிஷத்துக்கு ஒன்றரைச் சுற்றுக்கூடச் சுற்றாத பம்பை நான் பாஸ் செய்திருந்தேன். மார்ட்டின், எங்கள் பிரிவுத் தலைவர், அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். நல்ல மனிதர், கேலி செய்யாமல் மட்டும் அவரால் இருக்க முடியாது.

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். ஒன்றுக்குக் கொக்கி போட்டேன், ஏழுக்குக் கோடு போட்டேன், கமாவைக் கைவிட்டேன். தண்ணீருக்கும் வெயிலுக்கும் அழியாது என்று சான்று பெற்ற கறுப்புப் பால் பேனாவை கம்பெனி கொடுத்தது. அதில்தான் எழுத வேண்டும். அதற்கும் பழகினேன். நாளடைவில் எண்ணுவது, திட்டுவது எல்லாம் இந்த ஊர் மொழியிலேயே வந்தது. தாளின் மேலே உ மட்டும் கை தானாகப் போட்டுக்கொண்டிருந்தது. அதை நான் வைத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது இருந்தது.

எங்கள் மகள் மித்ரா இங்கேயே பிறந்தவள். பத்தாவது படிக்கிறாள். இங்கே பள்ளிப் பிள்ளைகள் மை ஊற்றும் பேனாவில்தான் எழுதப் பழகுகிறார்கள். கூடவே அந்த நீல மையை மாயமாக அழிக்கிற இன்னொரு பேனாவும் வைத்திருக்கிறார்கள். தவறை ஒரு இழுப்பில் காணாமல் ஆக்கிவிட்டு அதன்மேலேயே எழுதுகிறார்கள். நம் ஊர்ப் பரீட்சையில் இப்படி அழித்திருந்தால் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள். மித்ரா சிறுமியாக இருந்தபோது என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வருகிறது. தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்க முயன்று அ, ஆ, இ வரைக்கும் வந்து நின்றோம். உ வரவில்லை.

4

திருமதி லோரென்ஸ் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

"இது இரண்டு இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் என்ன?"

மார்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேசையில் தண்ணீர், பிஸ்கட், என் தாள்களின் அடுக்கு. சொல்வதற்கு என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். இது எங்கள் ஊரில் எதையும் எழுதத் தொடங்கும்போது போடுவது, பிள்ளையார் என்று ஒரு தெய்வம், தடையில்லாமல் முடிய வேண்டுமென்று. இவ்வளவுதான். ஜெர்மனில் இதைச் சொல்லத் தேவையான எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும். நான் பெரிய பக்திமானும் இல்லை, வசந்தி தள்ளினால்தான் கோயிலுக்குப் போவேன். ஆனாலும் அந்த அறையில், அளவுத் தாளுக்கு எதிரில், தெய்வம் என்ற சொல்லைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்கள் அளவுகளையும் அவரா சரிபார்க்கிறார் என்று யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. கையெழுத்து உரிமையும் கண்முன் வந்தது.

"பேனா ஓடுகிறதா என்று பார்ப்பது. பழக்கம்" என்றேன்.

"எல்லாத் தாளிலுமா?"

"ஆமாம்."

"ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில்?"

"ஆமாம்."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. முதல் பக்கம் என்று எதுவும் தொலையவில்லை என்பது மற்ற விவரங்களிலிருந்து அவருக்குப் புரிந்துவிட்டது, அது போதும். குறைத்தாள் ஒன்றை எடுத்தார். ஒரு கட்டத்தில் குறையை எழுதினார். அடுத்த கட்டத்தில் விளக்கம்: பேனாவைச் சோதிக்கும் கிறுக்கல். அதை என்னையே எழுதிக் கையெழுத்திடச் சொன்னார், எழுதினேன். அடுத்த முறை அவர் வரும்வரை அந்தத் தாள் மார்ட்டினின் கோப்பில் இருக்கும். அதுவரை நான் எழுதும் தாள்களில் அளவுக்குச் சம்பந்தமில்லாத எந்தக் குறியும் இருக்கக் கூடாது. இருந்தால் என் கையெழுத்து உரிமையைப் பற்றி அவர் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்ததும் மார்ட்டின் முதுகில் தட்டினார். "சுலபமாக முடிந்துவிட்டது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் கிறுக்கல் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

5

அந்தோணியைக் கூப்பிட்டேன். அவர் இன்னமும் அதே கம்பெனியில் இருக்கிறார், இப்போது கூடத்துக்கே பொறுப்பு. விஷயத்தைச் சொன்னதும் போனில் இருமுகிற அளவுக்குச் சிரித்தார்.

"புள்ளையார ரெண்டுன்னு கணக்குப் போட்டுப்போட்டாங்களா? நல்லவேள சம்பத்து, எனக்கு அந்த ஊர்ல வேல கெடைக்கல. என்ற சிலுவயப் பார்த்து கூட்டல்னு நெனச்சு எல்லாத்தையும் கூட்டிப்போட்டிருப்பாங்க."

நானும் சிரித்தேன். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

"செரி, நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"பேனா ஓடுதான்னு பார்த்தேன்னு சொல்லிப்போட்டேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"செரி உடுங்க" என்றார் அந்தோணி. "ஏசுவோட சீடரு, எங்க ராயப்பரே, ஏசுவத் தெரியாது தெரியாதுன்னு மூணு தடவ சொன்னவருதானுங்க. நீங்க ஒருக்காதானே சொல்லியிருக்கறீங்க. வெசனப்படாதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் குத்தியது. பேச்சை மாற்ற, அங்கேயே திரும்பி வந்துவிட்டால் என்ன என்று இருக்கிறது, டெஸ்ட் பெட்டில் நின்று இஷ்டத்துக்கு உ போட்டுக்கொள்ளலாம் என்றேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

"இங்க வந்து எதுல போடுவீங்க? இப்ப எல்லாம் டேப்லெட்டுதானுங்க. கட்டத்துல நம்பர் மட்டுந்தான் ஏறும். நான் சிலுவ போட்டு ரெண்டு வருசமாச்சு. மொத நாளு ஸ்கிரீன்ல வெரல வெச்சுப் போட்டுப் பார்த்தேன், பக்கம் மாறிப்போச்சு."

"அப்பறம் என்ன பண்றீங்க?"

"நெஞ்சுல போட்டுக்கறேனுங்க. வேறென்ன பண்றது?"

திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பு வெளியூர்க்காரனுக்கு ஒரு தெம்பு. அந்தோணி அதையும் அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் அவர்மேல் கோபப்பட முடியாது, உள்ளதைத்தான் சொன்னார்.

6

வெறும் தாளில் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. பேனாவைத் தாளின் மேல் நடுவில் கொண்டுபோவேன், நிறுத்துவேன், கீழே இறக்குவேன். முதல் அளவை எழுதியதும் அது தவறு என்று தோன்றும். மறுபடி பம்பை ஓடவிட்டு அளப்பேன். அதே அளவுதான் வரும். பக்கத்துத் தொட்டியில் வேலை செய்யும் இளைஞன், கருவியில் ஏதாவது கோளாறா என்று கேட்டான். கருவியில் இல்லை என்றேன்.

பேனாவை மாற்றிப் பார்த்தேன். கம்பெனிப் பேனா பிடிக்காமல் வேறு சான்று பெற்ற பேனா வாங்கினேன். அது தடிமனாக எழுதியது. மெல்லியது வாங்கினேன், அது கீறியது. வசந்தி இழுப்பறையைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாள். அவள் சொல்லாமல் விட்டால்தான் எனக்குப் பயம்.

பிறகு ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தேன். அந்தோணி கொடுத்த மைக்ரோடிப் இன்னும் இருந்தது. அதிலிருந்து லெட்டை வெளியே எடுத்துவிட்டு, வெறும் முனையால் தாளின் மேலே உ போட்டேன். மை இல்லை, கரி இல்லை, தாளில் ஒரு பள்ளம் மட்டும். ஸ்கேனில் விழாது. சாய்வாக வெளிச்சம் பட்டால் மட்டும் தெரியும். அன்றைக்கு அளவுகள் ஒழுங்காக வந்தன. ஆனால் யாராவது தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் நானும் பின்னாலேயே போனேன். இந்த வயசில், லெட் இல்லாத பென்சிலை வைத்துக்கொண்டு, பிள்ளையாரை ஒளித்து ஒளித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வசந்தியிடம் சொல்லிவிட்டேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அந்தம்மா ரெண்டுன்னு படிச்சதும் முழுத் தப்பில்லீங்க. தமிழ் எண்ணுல ரெண்டுக்கும் அதே சுழிதானே? அவங்க தெரியாமயே செரியாப் படிச்சுப்போட்டாங்க. தெரிஞ்ச நீங்கதான் மாத்திச் சொல்லிப்போட்டீங்க."

"கையெழுத்து உரிம போயிருச்சுன்னா?"

"போனா போகுது. இப்படி ஒறக்கமில்லாம நடந்துட்டு இருக்கறதுக்கு அது தேவலாம்." கொஞ்சம் யோசித்து, "போகாம இருந்தா நல்லதுதானுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். வீட்டுக் கடன் அவளுக்கும் தெரியும்.

7

வருஷத்துக்கு ஒரு நாள் பள்ளியில் பெற்றோரும் ஆசிரியரும் சந்திக்க வேண்டும். வசந்திக்கு அன்று வேலை, நான் மித்ராவோடு போனேன். கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொல்லிவிடுவாள் என்பதால் எனக்கு அங்கே தலையாட்டுகிற வேலைதான். இயற்பியல் ஆசிரியர் ஓர் இளம் மனிதர். மித்ராவின் பரீட்சைத் தாளை எடுத்து என்முன் விரித்தார்.

"நன்றாக எழுதுகிறாள். படங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் இந்த வருஷத்தின் தொடக்கத்தில் இவளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது" என்று சிரித்தார்.

விரல் தாளின் மேலே, நடுவில் போய் நின்றது. நீல மையில் ஒரு சுழி. வாலைக் கொஞ்சம் அதிகமாக இழுத்திருந்தாள். ஆனால் அது உ, வேறு எதுவும் இல்லை.

இந்த நாட்டில் மதிப்பெண் ஒன்றிலிருந்து ஆறு வரை. ஒன்று மிக நன்று, இரண்டு நன்று. திருத்துகிற ஆசிரியர் தாளில் அந்த எண்ணைப் போடுவார். "எழுதத் தொடங்கும் முன்பே தனக்குத் தானே இரண்டு போட்டுக்கொள்கிறாளே, என்ன துணிச்சல் என்று நினைத்தேன். கூப்பிட்டுக் கேட்டேன்."

எனக்குக் காது சுட்டது. "என்ன சொன்னாள்?" என்றேன்.

"எங்கள் வீட்டில் இப்படித்தான் தொடங்குவோம் என்றாள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சரி என்றேன்." அவர் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவர் பேசிய மிச்சம் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. மித்ரா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன்.

"பேப்பர் மேல போட்டிருந்தியே கண்ணு, அது என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்ப்பா. நீங்க போடுவீங்க. சின்னதா இருக்கறப்ப டேபிள்ல பார்த்தேன்." அவளுக்குத் தமிழ் தேடித் தேடித்தான் வரும், ஆனால் அந்த 'ங்ப்பா' மட்டும் வசந்தியிடமிருந்து முழுசாக வந்திருக்கிறது. "நானும் போடறேன். போடாட்டி ஆரம்பிச்ச மாதிரியே இருக்காது."

"சார் கேட்டப்ப பயமா இல்லியா?"

"எதுக்கு? கேட்டாரு, சொன்னேன்."

அது பிள்ளையார் சுழி என்று சொன்னேன். அந்த யானை சாமியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவரு மாதிரியே இல்லியே" என்றாள். தும்பிக்கை என்று விரலால் காற்றில் போட்டுக் காட்டினேன். சரி என்று தோளைக் குலுக்கிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்கு அப்படி இல்லை. அர்த்தம் தெரிந்த நான் அதைக் கிறுக்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அர்த்தம் தெரியாத பிள்ளை அதற்காக நின்றிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

8

திங்கட்கிழமை காலையில் மார்ட்டினின் அறைக்குப் போய் அந்தக் குறைத்தாளைக் கேட்டேன்.

"எதற்கு?"

"என் பதிவில் ஒரு தவறு இருக்கிறது. திருத்த வேண்டும்."

கோப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நான் நின்றபடியே, விளக்கம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். அடியில் இருப்பது படிக்கத் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரிந்தது. பக்கத்தில் எழுதினேன்: எங்கள் ஊரில் எழுதத் தொடங்கும் முன் இதைப் போடுவோம். இது எங்கள் தெய்வத்தின் குறி. இனி இதை அளவுத் தாளில் போடாமல், தனித் தாளில் போட்டுவிட்டுத் தொடங்குவேன்.

மார்ட்டின் என் தோளுக்கு மேலாகப் படித்தார். கேலியாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இதைப் படித்தால் திருமதி லோரென்ஸ், முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்பார். உங்கள் கையெழுத்து உரிமை..."

"தெரியும்."

"அடித்ததை விட்டுவிட்டு இதை மட்டும் புதுத் தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? நான் மாற்றி வைத்துக்கொள்கிறேன்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்று தலையசைத்தேன். கோடு அப்படியே இருக்கட்டும் என்றேன். பெயரின் முதலெழுத்தைப் போட்டேன், தேதியைப் போட்டேன். அடுத்த மாதம் அந்தம்மா வந்து என்ன சொல்வாரோ தெரியாது. பேனா நன்றாகத்தான் ஓடியது.